கத்தரிப்பூவுக்கு நான்கு வெளிச்சம்

சிட்லபாக்கம்
5.6.2025

ஹஃபீசாவுக்கு,

கிளியம்மாள் அக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஏரிக்கரையிலிருந்து உன் கடைக்கு வேலைக்கு வருகிறவர் தினமும் என் வீட்டைத் தாண்டித்தான் போகிறார். பெயர் எழுதிய உறையை நேற்றே காட்டிக் கேட்டேன். வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஒரு ஸ்டேஷன் தள்ளி இருந்துகினு லெட்டர் போட்டுக்கிறீங்க? போன் இன்னா செத்தா பூட்ச்சு?" என்று கேட்டார்.

போன் சாகவில்லை. சனிக்கிழமையிலிருந்து நீ எடுக்கவில்லை, அவ்வளவுதான். எடுத்தாலும் நீ சண்டை போடுவாய், நான் அழுதுவிடுவேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் லேபில் ஒரே மேசையில் நின்ற காலத்திலிருந்து இதுதான் வழக்கம். எழுதினால் இரண்டும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

நடந்ததை நான் பார்த்தபடி சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் உன் மேட்சிங் சென்டருக்கு, எங்கள் யூனிட்டில் நான் வடிவமைத்த எல்.இ.டி. விளக்குகளைப் போட்டேன். இனிமேல் நிறம் பார்க்கத் துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டாம், வெயிலையே உள்ளே கொண்டுவந்துவிட்டேன் என்று பெருமையடித்தேன். நீயும் நம்பினாய். சித்திரையில் அமலராணி டீச்சர், மகள் ஜாஸ்மின் கல்யாணத்துக்குத் தான் கட்டப்போகிற கத்தரிப்பூ நிறப் பட்டுக்கு ஜாக்கெட் துணி தேடி வந்தார். அந்த விளக்கடியில் நீ எடுத்துக் கொடுத்தது அச்சாகப் பொருந்தியது. அன்று நானும் கடையில் இருந்தேன். ஆனால் ரிசப்ஷன் மேடையில் சேலை கத்தரிப்பூவாக நின்றது, ஜாக்கெட் பீட்ரூட் ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை டீச்சர் ஆல்பத்தை உன் கவுன்ட்டரில் விரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஒவ்வொரு போட்டோவுலயும் என் தோளு மட்டும் தனியா நிக்குது பாரு, ஹஃபீசா." கடை நிறைய ஆட்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் பையிலிருந்து வெளிச்சம் அளக்கிற மீட்டரை எடுத்து விளக்கடியில் பிடித்து, "மீட்டர்ல எல்லாம் சரியா இருக்கு. முதல்ல உன் கண்ணைக் காட்டு" என்றேன். "லைட்டைக் கழட்டிட்டுப் போ. அப்படியே நீயும் போ" என்றாய்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்றில்லை. எதற்கு என்று சரியாகத் தெரியாமல் கேட்டால் உனக்கே பிடிக்காது. துணி கேட்டு எழுதுகிறேன். அந்தச் சேலையிலும் ஜாக்கெட்டிலும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வேண்டும். போட்டோ எடுத்து அனுப்பிவிடாதே. போன் தன் இஷ்டத்துக்கு நிறம் போட்டுக்கொள்ளும்.

வாணி


மேற்குத் தாம்பரம்
9.6.2025

வாணி,

நேற்று முன்தினம் பெருநாள், கடை இல்லை. உன் கடிதத்தைக் கிளியம்மாள் இன்றுதான் கொடுத்தாள். வெற்றிலைப் பையில் வைத்திருந்ததால் ஓரமெல்லாம் சுண்ணாம்பு.

ஜாக்கெட் துணி என் துணித் தானிலேயே மிச்சம் இருக்கிறது. சேலைக்கு டீச்சரிடம் போனேன். சேலையோடு வந்த ஜாக்கெட் துணி அவருக்குப் பத்தாமல்தானே நம்மிடம் வந்தார். அதன் ஓரத்தில் கொஞ்சம் வெட்டித் தந்தார். எதற்கு என்றார். சோதனைக்கு என்றேன். "எனக்கு நடந்ததை விடவா பெரிய சோதனை?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

இரண்டையும் பின் குத்தி வைத்திருக்கிறேன். உன் மீட்டரிடம் காட்டு. அதற்குக் கண்ணாடி தேவைப்படுமா என்றும் கேட்டுச் சொல்.

உன் விளக்குகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுப் பழைய டியூப் லைட்டையே மாட்டியிருக்கிறேன். மறுபடி வாசலுக்கு ஓடுகிறோம். அதுவும் ஆவணி வரைதான். கட்டிடக்காரர் முன்பக்கத்தை ஏ.டி.எம். வைக்கக் கொடுத்துவிட்டார். எனக்குப் படிக்கட்டுக்குப் பின்னால் ஓர் உள்கடை. இதைவிடப் பெரியது, ஆனால் ஒரு ஜன்னல்கூட இல்லை. வெயிலைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நடை முழுக்க நடந்து ரோட்டுக்கு வர வேண்டும். முன்னால் நான் நாலு தானைத் தூக்கிக்கொண்டு, பின்னால் கஸ்டமர், அவருக்குப் பின்னால் அவர் நாத்தனார். எத்தனை பேர் இரண்டாம் முறை வருவார்கள்?

வாசல் இல்லாத மேட்சிங் சென்டர் இருந்தென்ன? மூடிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் அமீருதீன் அவசரப்படாதே என்கிறார். அவருக்கென்ன, ஹார்டுவேர் கடை. ஆணிக்கு யாரும் மேட்சிங் கேட்பதில்லை.

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. பேனாவை எடுத்தால் நிற்கமாட்டேன் என்கிறது.

ஹஃபீசா


சிட்லபாக்கம்
16.6.2025

ஹஃபீசா,

உன் கண் சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளை எல்.இ.டி. என்று நாங்கள் விற்பது உள்ளே வெள்ளையே இல்லை. கடுகளவு ஒரு சிப், அது தருவது நீல ஒளி. அதன்மேல் பாஸ்பர் என்கிற மஞ்சள் பொடியைப் பசையில் குழைத்து ஊற்றுகிறோம். நீலத்தில் ஒரு பங்கைப் பொடி விழுங்கி மஞ்சளாக வெளியே விடுகிறது. விழுங்காமல் தப்பிய நீலமும் அந்த மஞ்சளும் சேர்ந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கண் அதில் திருப்தியாகிவிடும். துணி ஆகாது. ஒரு துணி தன் சிவப்பைக் காட்ட வேண்டுமென்றால் அதன்மேல் விழுகிற வெளிச்சத்தில் சிவப்பு இருக்க வேண்டும். என் விளக்கில் ஆழ்ந்த சிவப்பு கிட்டத்தட்ட இல்லை.

உன் இரண்டு துண்டும் வெவ்வேறு சாயம். ஜாக்கெட் சாயம் அந்த ஆழ்ந்த சிவப்பைத் திருப்பி அனுப்பும், சேலைச் சாயம் அனுப்பாது. என் விளக்கடியில் அனுப்புவதற்கே எதுவும் இல்லாததால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் நின்றன. மண்டபத்தில் வீடியோக்காரர் தன் மஞ்சள் விளக்கைப் போட்டதும் ஜாக்கெட் வாயைத் திறந்துவிட்டது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது காட்டுவது எட்டு வெளிர் நிறங்களை வைத்து எடுக்கிற சராசரி. அந்த எட்டில் ஆழ்ந்த சிவப்பு கிடையாது. பட்டுச்சேலை கட்டுகிற யாரும் அந்த எட்டைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். கேள்வித்தாளில் இல்லாத பாடத்துக்கும் சேர்த்து நானே மார்க் போட்டுக்கொண்டேன்.

எதற்கு மன்னிப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது. உன் கண்ணைச் சொன்னதற்கு.

கடையை மூடாதே. திருகினால் வெள்ளை மாறுகிற விளக்கு ஒன்று செய்து பார்க்கிறேன். காலை வெளிச்சம், உச்சி வெளிச்சம், மாலை மஞ்சள் என்று ஒரே விளக்கில், சிவப்பைக் குறைக்காமல். ஆவணிக்குள் தருகிறேன் என்று சொல்லமாட்டேன். போன முறை பேசிய பேச்சே போதும். உன்னிடம் இருக்கிற தொல்லை பிடித்த நிறங்களையெல்லாம் கொடுத்தனுப்பு.

வாணி


மேற்குத் தாம்பரம்
19.6.2025

வாணி,

மூட்டை வருகிறது. ஒவ்வொரு துண்டிலும் பெயர்ச்சீட்டு குத்தியிருக்கிறேன், கலைத்துவிடாதே. வாடாமல்லி, வெங்காயத்தோல், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, ராமர் நீலம், மயில்கழுத்து. மயில்கழுத்தில் நீளவாக்கில் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஊடை நூல் ஒரு நிறம். அது எந்த வெளிச்சத்திலும் யாருக்கும் அடங்காது. சும்மா உன்னைக் கஷ்டப்படுத்த வைத்தேன்.

அடியில் வெள்ளையில் ஆறு தினுசு. உன் விளக்கில் என் வெள்ளைகளெல்லாம் துவைத்துத் துவைத்துப் பழுத்த யூனிபார்ம் சட்டைபோல் தெரிந்தன. ஈஸ்டருக்கு வெள்ளை ஜாக்கெட் எடுக்க வந்தவர்கள், "புதுசு காட்டுங்க" என்றார்கள். நான் காட்டியதே புதுசு. அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ வரும்போதெல்லாம் அண்ணாந்து விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். சொல்ல மனம் வரவில்லை.

மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைக்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. மேட்சிங் பார்க்கிறவளுக்குக் கண் போகிறது என்று வெளியே தெரிந்தால் எப்படி இருக்கும், நீயே சொல். எல்லோர் முன்னாலும் நீ 'கண்ணைக் காட்டு' என்றதும், இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தில்தான் அவ்வளவு கத்தினேன். திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போனேன். "வெள்ளெழுத்துதாம்மா. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். கலர் பாக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். வெளியே வந்து கரும்பு ஜூஸ் இரண்டு டம்ளர் குடித்தேன்.

இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரைப் பார், வெள்ளெழுத்து. இந்த வருடம் எனக்கும் வெள்ளைக்கும் ஆகவில்லை.

ஹஃபீசா


சிட்லபாக்கம்
2.7.2025

ஹஃபீ,

எனக்கும் வெள்ளெழுத்துதான், போன வருடத்திலிருந்து. அன்று மீட்டரைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தேனே, கவனிக்கவில்லையா? நீ கவனிக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் அத்தனை வேகமாகப் பேசினேனோ என்னவோ. கண் தெரியாத இரண்டு பேர் நிறத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

வேலை விவரம் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் தாண்டிப் போ. முதலில் எல்.இ.டி. சிப்புகளை இரண்டு சரமாக வைத்தேன். ஒன்றில் பொடி குறைவு, அது பகல் வெள்ளை. மற்றதில் பொடி அதிகம், மஞ்சளோடு சிவப்புப் பாஸ்பரும் சேர்த்தது, அது மாலை வெள்ளை. திருகினால் ஒன்று ஏற, மற்றது இறங்கும். இரண்டு முனையிலும் நன்றாகவே இருந்தது. நடுவில் வந்ததும் உன் வெள்ளைத் துண்டுகள் ரோஸ்மில்க்கில் நனைத்ததுபோல் ஆகிவிட்டன. நிற வரைபடத்தில், வெயில் மாலை மஞ்சளிலிருந்து உச்சி வெள்ளைக்குப் போகிற பாதை ஒரு வளைவு. என் இரண்டு சரம் நேர்க்கோட்டில் போகின்றன. அந்த வளைவை எட்டுவதற்காக இளம்பச்சையில் மூன்றாவது சரம் ஒன்று சேர்த்தேன். இப்போது ரோஜா நிறம் போய்விட்டது.

வெள்ளைத் துணி பழுத்துத் தெரிவதற்கும் காரணம் பிடிபட்டது. புதுத் துணியில் ஆலையில் ஒரு வெளுப்பு மருந்து போடுகிறார்கள். வெயிலில் இருக்கிற ஊதா பட்டால்தான் அது விழித்துக்கொள்ளும். என் விளக்கில் ஊதா இல்லாததால் தூங்கிக்கொண்டிருந்தது. ஊதாச் சிப் கொஞ்சம் சேர்த்தேன். உன் ஆறு வெள்ளையும் எழுந்து உட்கார்ந்துவிட்டன.

பாஸ்பர் பொடி பசையைவிடக் கனம். கலக்கிவிட்டு டீ குடிக்கப் போனால் அடியில் தங்கிவிடும். முதலில் ஊற்றிய விளக்கு ஒரு வெள்ளை, கடைசியில் ஊற்றியது இன்னொரு வெள்ளை. எங்கள் முதலாளி பிரிட்டோ சார், "மேடத்தோட விளக்கு முடியற வரைக்கும் டீ கட்" என்று அறிவித்துவிட்டார். யூனிட்டில் எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

மாதிரி விளக்கு ஒன்று கிளியம்மாள் அக்காவோடு வருகிறது. மயில்கழுத்து என்னைத் தோற்கடித்துவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்.

இன்னொன்று. என்னிடம் வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு பட்டு ஜாக்கெட் இல்லாமல் கிடக்கிறது. குரோம்பேட்டையில் ஒரு கடை வாசல் வரை போனேன். உள்ளே போகத் தோன்றவில்லை.

வாணி


மேற்குத் தாம்பரம்
7.7.2025

வாணி,

உள்கடையில் இன்னும் வெள்ளையடிக்கிற வேலை நடக்கிறது. மேஸ்திரியை வெளியே அனுப்பிவிட்டு உன் விளக்கை மாட்டினேன். கிளியம்மாளிடம் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்து ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அரக்கு, வாடாமல்லி, வெங்காயத்தோல் எல்லாம் முடிந்து கிளிப்பச்சைக்கு வரும்போது படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நடந்து நடந்து கால் பேஜாராப் பூட்ச்சு. வெளிய இன்னா கலர் கீதோ அதே கலர்தான் உள்ளயும் கீது. இன்னும் எத்தினி வாட்டி பாப்பே? சூரியனுக்கே சந்தேகம் வந்துடப் போவுது."

ஆக, வெயில் உள்ளே வந்துவிட்டது. இந்த முறை நிஜமாகவே.

சந்தோஷப்படாதே, இன்னும் முடிக்கவில்லை. ராத்திரி சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. அமலராணி டீச்சர் துணியை நான் வாசலுக்கே கொண்டு போயிருந்தாலும் போதுமா? இத்தனை வருடமும் நான் வாசலில் மட்டுமா பார்த்தேன்? வாசலில் பார்ப்பேன், திரும்பி உள்ளே வரும்போது டியூப் லைட்டில் ஒருமுறை கண் தானாகப் போகும். இரண்டிலும் சேர்ந்தால்தான் கத்தரியை எடுப்பேன். நான் அதை ஒரு வேலையாக நினைத்ததே இல்லை, நடந்து வருகிற வழி என்று நினைத்தேன். உன் நல்ல விளக்கு வந்ததும் நடை நின்றது. நடை நின்றதும் இரண்டாவது பார்வையும் போய்விட்டது.

அதனால் எனக்கு நல்ல வெளிச்சம் மட்டும் போதாது. மோசமான வெளிச்சமும் வேண்டும். கல்யாண மண்டபத்தின் மஞ்சள் ஒன்று. வீட்டு ஹாலில் மாமியார் போட்டு வைத்திருக்கிற மங்கல் ஒன்று. அப்புறம் உன் பழைய விளக்கு, சிவப்பில்லாதது, அப்படியே வேண்டும். அதன் தங்கைகள்தான் நாவலூர் ஆபீஸ்களிலும் மேடவாக்கம் புது ஃபிளாட்டுகளிலும் எரிகின்றன. என்னிடம் வருகிற பெண்களில் பாதிப்பேர் நாளெல்லாம் அதன் அடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மோசமாக ஒரு விளக்கு செய்ய வேண்டும். உனக்குத் தெரிந்த வேலைதானே.

ஹஃபீசா


சிட்லபாக்கம்
15.7.2025

ஹஃபீ,

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன். சமைத்தேன். சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போது சிரிப்பு வந்துவிட்டது. ரவி கூடத்திலிருந்து, "ஹஃபீசாவா?" என்று மட்டும் கேட்டார்.

நீ சொல்வது எனக்கு எளிதில் இறங்கவில்லை. இருபது வருடமாக ஒரு துணிக்கு உண்மையான நிறம் என்று ஒன்று உண்டு, நல்ல விளக்கு அதைக் காட்டும், மோசமான விளக்கு மறைக்கும் என்றே நினைத்திருந்தேன். உன் கத்தரிப்பூத் துண்டுகளை ஒரு வாரம் திருகித் திருகிப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. துணி பாதி, வெளிச்சம் பாதி. மேடையில் பீட்ரூட்டாகத் தெரிந்தது பொய் இல்லை. அதுவும் அந்த ஜாக்கெட்தான்.

பிரிட்டோ சாரிடம் சொன்னேன். "மோசமா லைட் பண்றதுக்கு ஆர்டரா? மேடம், அதுக்கு நமக்குப் போட்டியே ஜாஸ்தி!" என்றார். ஆனால் டீ கட் நீடிக்கிறது.

ஆடி பிறந்தால் கல்யாணம் இருக்காது என்பதால், முகூர்த்த நாள் மிச்சமிருக்கும்போதே மேடவாக்கத்தில் ஒரு மண்டபத்துக்குள் மீட்டரோடு நுழைந்துவிட்டேன். மேடைக்குப் பக்கத்தில் நின்று அளந்துகொண்டிருந்தபோது ஓர் அம்மா என் கையில் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றார். "லைட் வீடு" என்றேன். டெக்கரேஷன் ஆள் என்று நினைத்துக்கொண்டு, "அப்ப சாப்ட்டுட்டுத்தான் போணும்" என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டார். பால் பாயசம் நன்றாக இருந்தது. மண்டபத்து வெளிச்சம் முழுவதும் இப்போது என்னிடம் எண்களாக இருக்கிறது.

விளக்கில் நான்கு நிலை வரும். முதல் மூன்றும் சரங்களைக் கூட்டிக் குறைத்தே கிடைத்துவிடும். நான்காவதுக்குத்தான் திண்டாட்டம். சிவப்பும் ஊதாவும் சேர்த்துச் செய்த விளக்கை எப்படித் திருகினாலும் பழைய குறை வரமாட்டேன் என்கிறது. அதற்காகப் பழைய நீலச் சிப், பழைய மஞ்சள் பொடி மட்டும் போட்டுத் தனியாக ஒரு சரம் கட்டுகிறேன். தெரிந்தே என் தப்பை அளந்து ஊற்றுகிறேன்.

திருகியைச் சுற்றி என்ன அச்சடிப்பது? வெளிச்சத்தின் நிறத்துக்கு எங்களிடம் எண் உண்டு. 6500, 4000, 2700. அதையே போட்டுவிடவா?

வாணி


மேற்குத் தாம்பரம்
11.8.2025

வாணி,

ஆடித் தள்ளுபடிக் கூட்டம், தாமதமாக எழுதுகிறேன்.

எண் வேண்டவே வேண்டாம். முன்கடையில் மாட்டியிருக்கிற மாதிரி விளக்கின் மேல் நீ பென்சிலால் 6500 என்று எழுதியிருந்தாய் அல்லவா? ஒரு பெண்மணி ஜாக்கெட் துணியைத் தூக்கிப் பார்க்கிறார், அந்த எண்ணைப் பார்க்கிறார், துணியைக் கீழே வைக்கிறார். "ஜாக்கெட்டே ஆறாயிரத்து ஐநூறா?" என்று கூடவந்தவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். கிளியம்மாள் பின்னாலேயே ஓடினாள். ரயிலேறிவிட்டார்களாம்.

வெயிலுக்கு 'வாசல்' என்று போடு. மஞ்சளுக்கு 'மண்டபம்'. மங்கலுக்கு 'வீடு'. நாலாவது இடத்தில் ஒன்றும் எழுதாமல் விடு. அதற்கு நான் பெயர் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் உள்ளே போகிறோம். முன்பக்கத்தில் ஏ.டி.எம்.காரர்கள் கண்ணாடி அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். என்ன முடிவு என்று அமீருதீன் கேட்டார். விளக்கு வரட்டும், தீபாவளி வரை பார்க்கிறேன், ஒரு துணிகூட மேட்சிங் தப்பித் திரும்பி வராமல் இருந்தால் கடை இருக்கும், வந்தால் பூட்டு போட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு துணி வாணி, ஒரே ஒரு துணி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஹஃபீசா


சிட்லபாக்கம்
19.9.2025

ஹஃபீ,

விளக்கு மாட்ட எங்கள் ஆட்களை அனுப்பினேன், நான் வரவில்லை. வேலை இருந்தது என்று உன்னிடம் சொல்லச் சொன்னேன். இருக்கவில்லை. நான் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றால் நீ மறுபடி எதையாவது சொல்லாமல் விட்டுவிடுவாயோ என்று இருந்தது. நான் இல்லாமல் அந்த விளக்கு உன்னிடம் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ ஒரு வரி எழுதவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் தினமும் காலையில் வீட்டு கேட் அருகே நின்று கிளியம்மாள் அக்காவைப் பிடிக்கிறேன். ஏதாவது திரும்பி வந்ததா என்றால் உதட்டைப் பிதுக்குகிறார். நேற்று மட்டும், "உன்னை டெய்லி திருகிக்கினுதான் கீறோம், போ" என்றார். என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, "ஓனரம்மாவ கேளு, நான் சொன்னேன்னா என்னைக் கீசிடும்" என்று வேகமாக நடந்துவிட்டார். இன்று முழுவதும் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதோடு என் வெங்காயத்தோல் சேலையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து நூல் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். சிநேகிதியாக இல்லை, சாதாரணக் கஸ்டமராகத்தான் அனுப்புகிறேன். அவசரமில்லை. தீபாவளிக் கூட்டம் முடிந்த பிறகு பார்த்தால் போதும்.

வாணி


மேற்குத் தாம்பரம்
24.10.2025

வாணி,

தீபாவளி முடிந்தது. மழை விடவில்லை. மார்க்கெட் தெருவில் முழங்கால் தண்ணீர், வானம் சாம்பல் தட்டைக் கவிழ்த்தது மாதிரி இருக்கிறது. எதிர்ச்சாரியில் இருக்கிற மேட்சிங் கடைக்காரர் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லாமல் உள்ளே கொண்டு போகிறார். இன்றைக்குத் தாம்பரத்திலேயே வெயில் அடிக்கிற ஒரே இடம் படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிற என் கடைதான்.

நேற்று அமலராணி டீச்சர் வந்தார். குடையைச் சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்து அதே கத்தரிப்பூப் பட்டை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார். சேலையை நானே விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். "இதுக்கு ஒரு ஜாக்கெட்டு எடும்மா. சின்னவனுக்குத் தையில கல்யாணம். அதே சேலையைக் கட்டிப் பழைய போட்டோவை மறக்கடிக்கணும்" என்றார்.

ஆறு தான் துணி இறக்கினேன். வாசலில் மூன்று நின்றன. மண்டபத்தில் ஒன்று கழன்றது. டீச்சருக்குப் பிடித்துப்போய், "தள்ளு, நான் திருகறேன்" என்று கவுன்ட்டருக்கு உள்பக்கமே வந்துவிட்டார். வீட்டில் இரண்டும் நின்றன. அப்போது கிளியம்மாள் பின்னாலிருந்து, "வாணியில போட்டுப் பாத்தியாம்மா? வாணிதான் ஏமாத்திடும்" என்றாள்.

"அது யாரு வாணி?" என்றார் டீச்சர்.

நாலாவது இடத்தைக் காட்டினேன். நீ வெறுமையாக விட்ட இடத்தில் என் கையெழுத்தில் எழுதி டேப் ஒட்டியிருக்கிறேன்: வாணி. டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். "அன்னைக்கு மீட்டரை வெச்சுகிட்டு நின்னாளே, அந்தப் பொண்ணா?" அந்தப் பொண்ணுதான் என்றேன். அப்படிச் சிரித்தார், பார். குடைத் தண்ணீர் முழுக்கத் துணித் தான்கள் மேல் சிந்திவிட்டது.

வாணியில் ஒரு துணி போய், ஒன்று நின்றது. வெட்டிக் கொடுத்தேன்.

ஆவணியிலிருந்து இதுதான் கடை வழக்கம். வாசல், மண்டபம், வீடு, வாணி. நாலிலும் நின்றால் கத்தரி. மூன்றில் நின்று ஒன்றில் நழுவினால் எதில் நழுவுகிறது என்று காட்டிவிட்டு அவர்களையே முடிவு பண்ணச் சொல்கிறோம். கஸ்டமர்களே இப்போது, "வாணியில காட்டுங்க" என்று கேட்கிறார்கள். நாவலூர் ஆபீஸ் பெண் ஒருத்தி, அது ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்து, அந்த பிராண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். சிட்லபாக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, விற்பனைக்கில்லை என்றேன்.

ஒரு துணிகூடத் திரும்பி வரவில்லை. தீபாவளிக்கு மறுநாள் அமீருதீன் சாவியைக் கேட்கிற மாதிரிக் கையை நீட்டினார். கையில் ஒரு ஜாக்கெட் துணியை வைத்து, டெய்லர் கடையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். கடை இருக்கிறது.

உன் நூலைப் பார்த்தேன். வெங்காயத்தோலில் என்னிடம் இருக்கிற அத்தனை தானையும் வைத்துப் பார்த்து ஒன்றைப் பிடித்து எடுத்து வைத்திருக்கிறேன். வாசலில் அச்சு. மண்டபத்தில் அச்சு. வீட்டிலும் அப்படியே. வாணியில் மட்டும் கொஞ்சம் விலகுகிறது.

கடை வழக்கப்படி அதை நான் முடிவு பண்ணக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டாலும் விடாவிட்டாலும் சேலையை எடுத்துக்கொண்டு வா. கடிதம் எழுதாதே. வந்து நீயே திருகிப் பார்த்துவிட்டு, அவ்வளவு விலகல் பரவாயில்லையா என்று சொல். எனக்குப் பரவாயில்லை.

ஹஃபீ